230 டிகிரியில் சிக்னலை இழக்கும் ஸ்பின் வால்வு: பழுது எங்கே, எதை மாற்றுவது?

ஸ்பின் வால்வு என்பது காந்தப்புலத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் பல அடுக்குப் படலம். தாமிரத்தின் ஒரு பக்கம் புலத்தோடு எளிதில் திரும்பும் ஃப்ரீ லேயர் (உங்களிடம் நிக்கல்-இரும்பு), மறுபக்கம் ஒரே திசையில் நிற்க வேண்டிய பின்ட் லேயர் (கோபால்ட்-இரும்பு), அதை அந்தத் திசையில் பிடித்துவைப்பது ஆன்டிஃபெரோமேக்னெட் (இரும்பு-மாங்கனீஸ்). உங்கள் கேள்வியில் இருக்கும் படல அமைப்பு கீழிருந்து மேலாக இது: டான்டலம் 5 நானோமீட்டர், நிக்கல்-இரும்பு 5, தாமிரம் 2.2, கோபால்ட்-இரும்பு 3, இரும்பு-மாங்கனீஸ் 10, மூடியாக மறுபடி டான்டலம் 5. ஸ்பட்டர் செய்து (வேக்குவத்தில் அணுக்களைத் தெறிக்கவிட்டுப் படியவைத்து) எடுத்ததும் எம்ஆர் விகிதம், அதாவது காந்தப்புலத்தால் மின்தடை மாறும் பங்கு, 6 சதவீதம். காந்தப்புலம் இல்லாத வேக்குவம் ஃபர்னஸில் 230 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்த பிறகு 1.5 சதவீதம். ஹார்ட் டிஸ்க் ரீட் ஹெட் (தட்டில் எழுதியிருப்பதைப் படிக்கும் முனை) செய்முறையில் இந்த அளவு சூடு தவிர்க்க முடியாதது, ஆகவே இரும்பு-மாங்கனீஸுக்குப் பதிலாக எதைப் போட்டால் 250 டிகிரி தாங்கும் என்று கேட்கிறீர்கள். ஆனால் அந்த 4.5 சதவீதம் எப்படிப் போனது என்று தெரியாமல் பொருளை மாற்றினால், மாற்றிய பிறகும் பாதி இழப்பு அப்படியே இருக்கும். உங்கள் படலத்தில் சூட்டுக்கு நிற்காத இடங்கள் இரண்டு. சூடேற்றிய முறையிலும் ஒரு குறை இருக்கிறது. மூன்றும் சேர்ந்துதான் உங்களுக்கு 1.5 என்ற எண்ணைத் தந்திருக்கின்றன.

சூட்டினால் ஸ்பின் வால்வுக்கு வரும் இழப்பு மூன்று வகை. முதல் வகை, சூடாக இருக்கும்போது மட்டும் எம்ஆர் குறைவது. ஆறினால் முழுவதும் திரும்பி வரும், இது பழுதே இல்லை. இரண்டாவது, பின்ட் லேயரின் திசை கலைந்து போவது. அடுக்குகள் கெடவில்லை, ஆனால் பின்ட் லேயரைப் பிடித்திருக்க வேண்டிய ஆன்டிஃபெரோமேக்னெட் அந்தப் பிடியை விட்டுவிட்டது, அல்லது வேறு திசையில் பிடித்துக்கொண்டது. காந்தப்புலத்தில் மறுபடி சூடேற்றி ஆறவைத்தால் சரியாகும். மூன்றாவது, அணுக்கள் இடம் மாறிக் கலந்துவிடுவது. தாமிரம் நிக்கல்-இரும்புக்குள் போகும், மாங்கனீஸ் கோபால்ட்-இரும்புக்குள் போகும். இதற்குப் பரிகாரம் கிடையாது. கட்டுரைகளில் "இத்தனை டிகிரி வரை நிலையானது" என்று ஒரே எண்ணாக எழுதுவார்கள். இரண்டாவது வகையும் மூன்றாவது வகையும் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கும். ஒரு கட்டுரையின் 250 டிகிரியை இன்னொன்றின் 250 டிகிரியோடு ஒப்பிட முடியாமல் போவது இதனால்தான்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கெட்டுப்போன அதே சாம்பிளை எடுத்து, சுமார் 0.1 டெஸ்லா காந்தப்புலத்தில், முதலில் எந்தத் திசையில் பின் செய்தீர்களோ அதே திசையில் வைத்து, 180 டிகிரிக்குச் சூடேற்றி 15 நிமிடம் விட்டு, புலத்தை எடுக்காமலே அறை வெப்பநிலை வரை ஆறவிடுங்கள். பின்ட் லேயராக ஒற்றைக் கோபால்ட்-இரும்பு மட்டும் இருப்பதால் இந்தச் சிறிய புலம் தாராளமாகப் போதும், ஒரு ஜோடி நிரந்தரக் காந்தமே தந்துவிடும். நியோடிமியம் காந்தத்தைச் சூடான பகுதிக்குள் வைத்துவிடாதீர்கள். சாதாரண வகை நியோடிமியம் 80 டிகிரிக்கு மேலேயே வலுவிழக்கத் தொடங்கும், சமாரியம்-கோபால்ட் காந்தம் தாங்கும். பிறகு மறுபடி அளந்து பாருங்கள். திரும்பி வந்த பங்கு காந்தத் திசைக் கோளாறால் போனது. வராத பங்கு அணுக்கள் கலந்ததால் போனது.

கூடவே நான்கு முனை புரோபால் ஷீட் ரெசிஸ்டன்ஸை (படலத்தின் மின்தடையை) ஒவ்வொரு கட்டத்திலும் குறித்து வையுங்கள். புதுப் படலத்தை முதல் தடவை மிதமாகச் சூடேற்றும்போது இந்த மின்தடை லேசாகக் குறையும். ஸ்பட்டரிங்கில் உண்டான குறைபாடுகள் ஆறுவதன் அடையாளம் அது, நல்லதுதான். அதற்கு மேலும் சூடேற்றும்போது ஒரு கட்டத்தில் குறைவது நின்று ஏறத் தொடங்கும். அந்தத் திருப்பம்தான் கலப்பு தொடங்கிய இடம், ஏனென்றால் தாமிரத்தோடு கலந்த நிக்கல் எலெக்ட்ரான்களைச் சிதறடிக்கும். மின்தடை ஏறாமல் எம்ஆர் மட்டும் இறங்கினால் பின்னிங்கைச் சந்தேகியுங்கள். மின்தடை ஏறிக்கொண்டே எம்ஆர் இறங்கினால் இடைமுகங்களை (அடுக்குகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளை) சந்தேகியுங்கள். மின்தடை மாறவில்லை, ஆனால் ஃப்ரீ லேயரின் சிறிய வளைவு பூஜ்ஜியப் புலத்திலிருந்து மேலும் மேலும் தள்ளிப் போகிறது என்றால், தாமிர அடுக்கின் மேடுபள்ளம் கூடியிருக்கிறது, அல்லது அதில் ஊசித்துளைகள் விழுந்து இரண்டு காந்த அடுக்குகளும் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

மின்தடை-காந்தப்புல வளைவின் வடிவமும் நிறையப் பேசும். நல்ல ஸ்பின் வால்வில், ஃப்ரீ லேயர் திரும்பியதும் மின்தடை சட்டென்று மேலேறி, ஒரு தட்டையான மேடையில் நின்று, பின்ட் லேயர் திரும்பும் புலம் வந்த பிறகுதான் இறங்கும். பின்னிங் கெடத் தொடங்கினால் முதலில் அந்த மேடையின் தூரத்து ஓரம் வட்டமாகும். பிறகு மேடை குறுகும். கடைசியில் மேடையே இல்லாமல், உயரமும் இல்லாமல், ஒரு கூர்முனை மட்டும் மிஞ்சும். மாறாக, மேடை அகலமாகவும் தட்டையாகவும் இருந்து உயரம் மட்டும் குறைந்திருந்தால், பிடி நன்றாக இருக்கிறது, இடைமுகம்தான் போய்விட்டது. உங்கள் அளவீட்டில் 1.5 என்ற எண்ணை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வளைவைப் பார்த்தால் பாதி விடை அங்கேயே இருக்கும்.

இனி உங்கள் அடுக்குகளுக்கு வருகிறேன். இரும்பு-மாங்கனீஸின் பிளாக்கிங் வெப்பநிலை ஏறத்தாழ 150 டிகிரி. அந்தச் சூட்டுக்கு மேல் அது பக்கத்துக் காந்த அடுக்கைப் பிடித்துவைக்காது. 230 டிகிரியில் உங்கள் பின்ட் லேயர் கட்டில்லாமல் இருந்திருக்கிறது. புலம் இல்லாமல் ஆறியபோது, கோபால்ட்-இரும்பின் ஒவ்வொரு பகுதியும் அந்த நேரத்தில் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையிலேயே இரும்பு-மாங்கனீஸ் அதைப் பூட்டிவிட்டது. படலம் முழுக்க ஒரே திசை இல்லாமல் பல திசைகளில் பின் ஆகியிருக்கும். நான் குறிப்பிட்ட சூடேற்றும் முறைக் குறை இதுதான். பிளாக்கிங் வெப்பநிலையைத் தாண்டும் எந்த அனீலிங்கையும் (சூடேற்றி ஆறவைப்பதையும்) புலத்தோடுதான் தொடங்க வேண்டும், புலத்தோடுதான் முடிக்க வேண்டும். சாம்பிள் 100 டிகிரிக்குக் கீழே வருவதற்கு முன் காந்தத்தை அணைத்தால் இதே கலைதல் மறுபடி நடக்கும். அதற்கு மேல், இரும்பு-மாங்கனீஸ் எளிதில் அரித்துப் போகும். ரீட் ஹெட்டில் சென்சாரின் விளிம்பு தட்டை நோக்கித் தேய்க்கப்பட்டு வெளியே தெரியும்படி இருப்பதால், அரிப்பு அங்கே பெரிய தொல்லை. ஆய்வகத்தில் ஸ்பின் வால்வைப் புரிந்துகொள்ள அது நல்ல பொருள், 1991-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் டியெனி, ஸ்பெரியோசு, பார்க்கின் முதலானோர் காட்டிய முதல் ஸ்பின் வால்வுகளும் இதில்தான் செய்யப்பட்டவை. தயாரிப்புக்கு அது ஒத்து வராது.

மாற்றுப் பொருள்களில் நிக்கல் ஆக்சைடு சுமார் 200 டிகிரி, இரிடியம்-மாங்கனீஸ் 250-ஐ ஒட்டி, பிளாட்டினம்-மாங்கனீஸ் 320-க்கு மேல், நிக்கல்-மாங்கனீஸ் அதற்கும் மேல். இந்த வரிசையைப் பார்த்ததும் கடைசியைப் பிடிக்கத் தோன்றும், ஆனால் அவசரப்படாதீர்கள். நிக்கல்-மாங்கனீஸும் பிளாட்டினம்-மாங்கனீஸும் ஸ்பட்டர் ஆகி விழும்போது ஒழுங்கற்ற கனசதுரப் படிகமாக விழும். அந்த நிலையில் எக்ஸ்சேஞ்ச் பயஸ் (பக்கத்துக் காந்த அடுக்கைப் பிடித்துவைக்கும் விளைவு) எதுவும் தராது. அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்குபட்டு, படிகம் ஒரு பக்கம் அமுங்கிய நாற்கோண வடிவத்துக்கு மாறினால்தான் வேலை செய்யும். அந்த மாற்றத்துக்கு பிளாட்டினம்-மாங்கனீஸுக்கு 250 முதல் 280 டிகிரியில் பல மணி நேரம் வேண்டும். கலவை பாதிக்குப் பாதி என்ற விகிதத்திலிருந்து சில சதவீதம் விலகினாலே மாற்றம் அரைகுறையாக நிற்கும். தடிமன் 15 நானோமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது, 10-க்குக் கீழே போனால் ஒழுங்குபடுவது கஷ்டம். ஆக, சூட்டைத் தாங்கும் பின்னிங் லேயரைப் பெறுவதற்காகவே நீங்கள் மற்ற அடுக்குகளை 270 டிகிரியில் சில மணி நேரம் வாட்ட வேண்டியிருக்கும். உங்கள் இடைமுகங்கள் அதற்கு முன்பே கெட்டிருந்தால் இந்த மாற்றத்தால் பலனில்லை.

இரிடியம்-மாங்கனீஸில் இந்தச் சிக்கல் இல்லை. சுமார் 20 சதவீதம் இரிடியம் உள்ள கலவையை 6 முதல் 8 நானோமீட்டர் போட்டாலே போதும், ஒழுங்குபடுத்தும் அனீலிங் கட்டாயமில்லை. இன்றைய ஹெட்டுகளில் இரண்டு ஷீல்டுகளுக்கு (அக்கம்பக்கத்துப் புலத்தை மறைக்கும் காந்த அடுக்குகளுக்கு) நடுவே சென்சாருக்குக் கிடைக்கும் மொத்த இடமே சில பத்து நானோமீட்டர்தான். அதில் 15 நானோமீட்டரைப் பின்னிங்குக்கே கொடுத்துவிட முடியாது. அதனால்தான் பிளாக்கிங் வெப்பநிலை குறைவாக இருந்தும் இரிடியம்-மாங்கனீஸ் மேலோங்கியது. உங்களுக்கு ஷீல்டு இடைவெளி பற்றிய கட்டுப்பாடு இல்லை, 250 டிகிரி தாங்குவது மட்டும்தான் இலக்கு என்றால் பிளாட்டினம்-மாங்கனீஸ்தான் என் பரிந்துரை. மெல்லிய சென்சார் வேண்டும் என்றால் இரிடியம்-மாங்கனீஸும் கீழே சொல்லும் மூவடுக்கு ஏற்பாடும்.

பிளாக்கிங் வெப்பநிலை என்ற எண்ணிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஆன்டிஃபெரோமேக்னெட் படலம் நானோமீட்டர் கணக்கிலான படிகக் குருணைகளால் ஆனது. பெரிய குருணை அதிகச் சூடு தாங்கும், சிறிய குருணை முன்பே திசை மாறும். சூடேற்றிக்கொண்டே அளந்து, எக்ஸ்சேஞ்ச் பயஸ் பூஜ்ஜியமாகும் இடத்தைப் பிளாக்கிங் வெப்பநிலை என்று குறித்தால், கடைசியாக விழுந்த பெரிய குருணைகளின் வெப்பநிலையைத்தான் குறித்திருக்கிறீர்கள். பாதிக் குருணைகள் அதற்கு வெகு முன்பே விழுந்திருக்கும். இதைச் சரியாக அளக்க யார்க் பல்கலைக்கழகத்தில் ஓ'கிரேடி குழுவினர் உருவாக்கிய முறையைப் பின்பற்றுங்கள். முதலில் நேர்த்திசைப் புலத்தில் உயர்ந்த வெப்பநிலையில் செட் செய்து ஆறவிடுவது. பிறகு புலத்தைத் தலைகீழாக்கி, பின்ட் லேயர் முழுவதும் திரும்பிய நிலையில் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் 30 நிமிடம் வைப்பது. மறுபடி, சூட்டால் எந்தக் குருணையும் திசை மாறாத அளவுக்குக் குளிர்வித்து வளைவை எடுப்பது. அந்த வெப்பநிலையை 25 டிகிரி வீதம் ஏற்றிக்கொண்டே இதையே செய்தால், எக்ஸ்சேஞ்ச் பயஸ் நேரிலிருந்து குறைந்து பூஜ்ஜியத்தைக் கடந்து எதிர்த்திசைக்குப் போகும். பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடம்தான் நடுக் குருணையின் பிளாக்கிங் வெப்பநிலை. ஹெட் வேலை செய்யும் சூட்டில் எத்தனை பங்கு குருணைகள் தளர்ந்துவிடும் என்பதையும் இந்த வரைபடமே காட்டும். வாழ்நாளைத் தீர்மானிப்பது அந்தச் சிறுபான்மைக் குருணைகள்தான்.

சிறிய குருணைகளைக் குறைப்பது பெரும்பாலும் அடியில் இருக்கும் விதை அடுக்கின் வேலை. டான்டலத்தின் மேல் நேரடியாகத் தொடங்குவதைவிட, 40 சதவீதத்தை ஒட்டிக் குரோமியம் கலந்த நிக்கல்-இரும்பு-குரோமியத்தை 4 முதல் 6 நானோமீட்டர் விதையாகப் போட்டால் குருணைகள் பெரிதாகவும், அவற்றில் அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கியிருக்கும் தளங்கள் படலத்துக்கு இணையாகவும் வளரும். குருணை பெரிதானால் குருணை எல்லைகள் குறையும். மாங்கனீஸ் மேலேறி வருவது பெரும்பாலும் அந்த எல்லைகள் வழியாகத்தான், அதனால் இதில் இரட்டை லாபம். ஸ்பட்டர் அறையின் அடிப்படை அழுத்தம் 5×10⁻⁸ டாருக்குக் கீழே இறங்கிய பிறகே தொடங்குங்கள். மிச்சமிருக்கும் நீராவி மாங்கனீஸை ஆக்சைடாக்கும், விதை அடுக்கின் மேற்பரப்பையும் கெடுக்கும். நாளுக்கு நாள் எக்ஸ்சேஞ்ச் பயஸ் மாறினால், டார்கெட்டை (ஸ்பட்டருக்கான மூலப்பொருள் தட்டை) குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

இப்போது இரண்டாவது பலவீனம். உங்கள் ஃப்ரீ லேயர் நிக்கல்-இரும்பு, தாமிரத்தை நேரடியாகத் தொடுகிறது. நிக்கலும் தாமிரமும் எந்த விகிதத்திலும் ஒன்றோடொன்று கரையும். சூடு கொடுத்தால் அவை கலக்காமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை. 200 டிகிரியைத் தாண்டும்போது இந்த இடைமுகம் மங்கத் தொடங்கும். கலந்த பகுதி காந்தத்தன்மையை இழக்கும், எலெக்ட்ரானின் ஸ்பின்னைப் பிரித்துப் பார்க்கும் திறனும் போகும். கோபால்ட்டும் தாமிரமும் அப்படியல்ல, இந்த வெப்பநிலைகளில் அவை ஒன்றில் ஒன்று கரைய மறுப்பவை. ஆகவே நிக்கல்-இரும்புக்கும் தாமிரத்துக்கும் நடுவே 0.5 முதல் 1 நானோமீட்டர் கோபால்ட்-இரும்பை வைத்தால் இரண்டு நன்மை: எம்ஆர் விகிதமே ஏறும், இடைமுகமும் சூட்டுக்கு நிற்கும். 90 சதவீதம் கோபால்ட், 10 சதவீதம் இரும்பு என்ற கலவை இங்கே நல்லது, அதன் காந்தச் சுருக்க விரிவு குறைவு. 0.5-க்குக் கீழே அடுக்கு தொடர்ச்சியாக இல்லாமல் திட்டுத் திட்டாகிவிடும், 1.5-க்கு மேல் ஃப்ரீ லேயரின் கொயர்சிவிட்டி (அதன் திசையைத் திருப்பத் தேவையான புலம்) ஏறி உணர்திறன் குறையும். நீங்கள் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள், டார்கெட்டும் ஏற்கெனவே உங்கள் அறையில் இருக்கிறது.

மாங்கனீஸ் ஊடுருவலைத் தடுக்கவும், பலவீனமான பின்னிங்கைக் கொண்டே காரியத்தைச் சாதிக்கவும் நல்ல வழி, பின்ட் லேயரை ஒற்றையாக விடாமல் கோபால்ட்-இரும்பு, ருத்தேனியம், கோபால்ட்-இரும்பு என்று மூன்றாகப் பிரிப்பது. ருத்தேனியம் 0.8 நானோமீட்டர் இருக்கும்போது இரண்டு பக்கக் காந்தங்களும் வலுவாக எதிர்த்திசையில் பூட்டிக்கொள்ளும். வெளிப்புலம் பிடித்துத் திருப்புவதற்கு நிகரக் காந்தம் மிகக் கொஞ்சமாகவே மிஞ்சும். ஒரு பக்கம் 2.0, மறுபக்கம் 2.2 நானோமீட்டர் என்றால் வெளிப்புலத்தின் பிடிக்கு எட்டுவது ஏறக்குறைய 0.2 நானோமீட்டர் அளவு காந்தம் மட்டும்தான். அதே ஆன்டிஃபெரோமேக்னெட் பிடி இப்போது பத்து மடங்கு புலத்தை எதிர்த்து நிற்பதுபோல் நடந்துகொள்ளும். சூட்டில் பாதிப் பிடி போனாலும் சென்சார் திசை தவறாது. ருத்தேனியம் மாங்கனீஸுக்கு ஒரு தடுப்புச் சுவராகவும் நிற்கும். 0.4 நானோமீட்டரில் இந்தப் பூட்டு இன்னும் வலுவானது, ஆனால் 0.1 நானோமீட்டர் பிசகினாலே கெட்டுப்போகும். உங்கள் ஸ்பட்டர் வேகத்தை அந்தத் துல்லியத்துக்கு அளந்து வைத்திருக்காவிட்டால் 0.8-இலேயே நில்லுங்கள்.

இந்த மூவடுக்குக்கு மாறினால் அனீலிங் காந்தமும் மாற வேண்டும். பலர் வழுக்குவது இங்கேதான். 0.1 டெஸ்லாவில் இரண்டு கோபால்ட்-இரும்பு அடுக்குகளும் ஒன்றையொன்று எதிர்த்தபடியே புலத்துக்குக் குறுக்காகச் சாய்ந்து நிற்கும், ஆன்டிஃபெரோமேக்னெட்டும் அந்தக் கோணல் திசையில் செட் ஆகிவிடும். இரண்டையும் புலத்தின் திசைக்கே வளைக்க எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடலாம். ருத்தேனியம் வழிப் பிணைப்பு சதுர மீட்டருக்கு 1 மில்லிஜூல், கோபால்ட்-இரும்பின் காந்தமாக்கம் மீட்டருக்கு 15 லட்சம் ஆம்பியர், இரண்டு பக்கமும் 2 நானோமீட்டர் என்று வைத்தால், தேவை 2×0.001-ஐ 0.003-ஆல் வகுத்தது, அதாவது சுமார் 0.67 டெஸ்லா. ஆகவே 1 டெஸ்லாவில் அனீல் செய்தால் பாதுகாப்பு. பிளாட்டினம்-மாங்கனீஸ் என்றால் 10⁻⁶ டார் வேக்குவத்தில், 1 டெஸ்லாவில், 270 டிகிரியில் 4 முதல் 5 மணி நேரம் என்பது நல்ல தொடக்கப் புள்ளி. அங்கிருந்து உங்கள் படலத்துக்கு ஏற்ப நேரத்தைக் குறையுங்கள், வெப்பநிலையை ஏற்றாதீர்கள். இந்த அனீலிங் ஃப்ரீ லேயரின் எளிய அச்சையும் (அதன் காந்தம் இயல்பாக நிற்கும் திசையையும்) பின்ட் லேயரின் பக்கமே இழுத்துவிடும். அதைச் செங்குத்தாகத் திருப்ப, அதைவிடக் குறைந்த வெப்பநிலையில், சிறிய புலத்தில், குறுக்குத் திசையில் இரண்டாவது அனீலிங் கொடுப்பது வழக்கம். அந்த இரண்டாவது சூடு பின்னிங்கைத் தொடாத அளவுக்குத் தாழ்வாக இருக்க வேண்டும். மேலே சொன்ன யார்க் வரைபடம் அந்த எல்லையையும் காட்டித் தரும்.

மேல் மூடியைப் பற்றிச் சுருக்கமாக. டான்டலம் ஃப்ரீ லேயரைத் தொட்டால் சூட்டில் அரை நானோமீட்டருக்கும் மேலாகக் காந்தமற்ற பகுதி உருவாகும். நடுவே ஒரு நானோமீட்டர் ருத்தேனியம் வைத்தால் அது மட்டுப்படும். வேக்குவம் மோசமாக இருந்தால் 5 நானோமீட்டர் டான்டலமும் ஆக்ஸிஜனைத் தடுக்கப் போதாமல் போகலாம். இவற்றையெல்லாம் சேர்த்து நான் முயலச் சொல்லும் படலம் கீழிருந்து மேலாக: டான்டலம் 3, நிக்கல்-இரும்பு-குரோமியம் 4, பிளாட்டினம்-மாங்கனீஸ் 15, கோபால்ட்-இரும்பு 2.0, ருத்தேனியம் 0.8, கோபால்ட்-இரும்பு 2.2, தாமிரம் 2.0, கோபால்ட்-இரும்பு 1, நிக்கல்-இரும்பு 2.5, ருத்தேனியம் 1, டான்டலம் 4. பின்னிங் அடுக்கை அடியில் வைத்ததற்குக் காரணம், நல்ல விதையின் மேல் உடனடியாக வளரும்போதுதான் அதன் குருணைகள் பெரிதாக அமையும். தாமிரத்தை 1.8-க்குக் கீழே கொண்டு போகாதீர்கள். எம்ஆர் கூடுவதுபோல் தெரியும், ஆனால் முதல் அனீலிங்கிலேயே ஊசித்துளை விழும்.

டிஎம்ஆர் சென்சார்களைப் பற்றியும் (தாமிரத்துக்குப் பதில் மெல்லிய காப்பு அடுக்கு, அதாவது தடுப்பு, உள்ள வகை) ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மெக்னீசியம் ஆக்சைடு தடுப்பு கொண்ட டிஎம்ஆரில் சூட்டின் பங்கு தலைகீழ். கோபால்ட்-இரும்பு-போரான் விழும்போது படிகமற்றதாக விழும். 300 டிகிரிக்கு மேல் சூடேற்றும்போது போரான் வெளியேறி, மெக்னீசியம் ஆக்சைடை அச்சாகக் கொண்டு அது படிகமாகும், எம்ஆர் அப்போதுதான் ஏறும். இதற்கு எல்லை போடுவது மறுபடி மாங்கனீஸ்தான். 2008-இல் இகேதாவும் சகாக்களும் அறை வெப்பநிலையில் 604 சதவீதம் காட்டிய படலத்தை 525 டிகிரியில் அனீல் செய்தார்கள், ஆனால் அதில் மாங்கனீஸ் கொண்ட பின்னிங் அடுக்கே கிடையாது. பின்னிங் உள்ள ஹெட் சென்சாரில் அந்த எண்ணை எதிர்பார்க்கக் கூடாது. அதேபோல், டங்ஸ்டன், மாலிப்டினம் அடுக்குகளால் 400 டிகிரி தாங்கும் படலங்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் எம்ரேம் என்னும் காந்த நினைவகச் சிப்புக்கானவை. அங்கே சிலிக்கான் சிப்பின் உலோக இணைப்புச் செய்முறை 400 டிகிரியைக் கேட்கிறது, காந்தமும் படலத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. ரீட் ஹெட்டில் நிக்கல்-இரும்பு ஷீல்டுகளே அந்தச் சூட்டைப் பொறுக்காது. ஆகவே அந்தச் செய்முறையை அப்படியே எடுத்துவர வேண்டாம்.

இவ்வளவும் செய்முறைச் சூட்டுக்கு. ஹெட் வேலை செய்யும்போது ஆண்டுக்கணக்கில் தாங்குமா என்பது தனிக் கேள்வி, அதில் என் உறுதி குறைவு. சென்சார் வழியே ஓடும் மின்சாரம் அதைச் சுற்றுப்புறத்தைவிடப் பல பத்து டிகிரி சூடாக வைத்திருக்கும், 100 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வழக்கமாக அதிகச் சூட்டில் சில மணி நேரம் சோதித்து, சூட்டோடு பழுதின் வேகம் எப்படி மாறும் என்று சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாட்டால் வேலைச் சூட்டுக்குக் கணக்கிட்டு இறக்குவார்கள். அந்தக் கணக்கு கிளர்வு ஆற்றலை (பழுது நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையை) எந்த அளவுக்கு நம்பியிருக்கிறது பாருங்கள். 1.5 எலெக்ட்ரான் வோல்ட் என்று வைத்தால், 200 டிகிரியில் ஒரு மணி நேரம் என்பது 120 டிகிரியில் சுமார் 1,800 மணி நேரத்துக்குச் சமம். 1.0 என்று வைத்தால் 150 மணி நேரத்துக்குக்கூட வராது. ஒரே ஒரு சோதனை வெப்பநிலையிலிருந்து வாழ்நாள் சொல்பவரை நம்பாதீர்கள். குறைந்தது மூன்று வெப்பநிலைகளில் அளந்து, கிளர்வு ஆற்றலை உங்கள் படலத்திலிருந்தே எடுங்கள். அந்த மூன்றும் நடுக் குருணையின் பிளாக்கிங் வெப்பநிலைக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே போனால் வேறொரு பழுது முந்திக்கொள்ளும், அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் வேலைச் சூட்டுக்குப் பொருந்தாது. குருணைகள் மெல்லத் திசை மாறுவது, இடைமுகம் கலப்பது இரண்டும் சேர்ந்து நடக்கும்போது ஒரே கிளர்வு ஆற்றல் என்று ஒன்று இருக்கிறதா என்பதே விவாதத்துக்குரியது. இரண்டையும் தனித்தனியாக, மறு-அனீலிங் சோதனையால் பிரித்துக் கணக்கிடுவதுதான் நியாயம்.

கடைசியாக, ஃபர்னஸுக்கு வெளியே வரும் சூடு. நிலைமின் அதிர்ச்சி சில நானோவினாடிகளில் சென்சாரைப் பிளாக்கிங் வெப்பநிலைக்கு மேல் கொண்டுபோய்விடும். உருகவில்லை என்றால் மின்தடை மாறாமலே இருக்கும், ஆனால் அந்தக் கணத்தில் அதே மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலம் பின்ட் லேயரைத் தலைகீழாகச் செட் செய்திருக்கலாம். வெளியீடு எதிர்க்குறியில் வரும், அல்லது பாதியாகத் தேயும். கையாளும்போது இப்படி ஆன சாம்பிளைச் சூட்டில் கெட்டது என்று கணக்கில் சேர்த்தால் உங்கள் புள்ளிகள் முழுக்கச் சிதறும். மணிக்கட்டுப் பட்டை, அயனைசர், புரோப் வைப்பதற்கு முன் இரண்டு முனைகளையும் ஷார்ட் செய்வது ஆகியவற்றைச் சோதனையின் முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள். ஒவ்வொரு சாம்பிளுக்கும் மின்தடையோடு வளைவின் குறியையும் எழுதி வையுங்கள். மின்தடை அப்படியே இருந்து குறி மட்டும் மாறியிருந்தால் அது அதிர்ச்சி. சரியான திசையில் புலம் வைத்து ஆறவிட்டால் அந்தச் சாம்பிளை மீட்டுவிடலாம், ஆனால் வாழ்நாள் சோதனைக்கு அதை மறுபடி எடுக்காதீர்கள்.